நிற்கும் கால்களுக்கு இருக்கை

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்கள் பலரின் கெண்டைக்காலில் சிரைகள் நீலமாய்ப் புடைத்துச் சுருண்டிருக்கின்றன. ரத்தத்தை மேலேற்றும் சிரைகளின் வால்வுகள் பழுதாகி, ரத்தம் காலிலேயே தேங்குவதால் வரும் வெரிகோஸ் வெயின் இது. அழுத்தக் காலுறை வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், பழுதை நீக்காது. டாப்ளர் ஸ்கேனில் பழுதான இடத்தைக் கண்டறிந்து, லேசராலோ ரேடியோ அலை வெப்பத்தாலோ அந்தச் சிரையை மூடிவிடலாம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். ஆறாத புண் வரும்வரை பொறுத்திருப்பது கொடுமை.

சிகிச்சை முடிந்தும் அதே பத்து மணி நேர நிற்பு என்றால்? கடைப் பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் எனத் தமிழக அரசு 2021-ல் சட்டம் திருத்தியது. தொழிலாளர் துறை கடைகளுக்குள் சென்று, இருக்கை இருக்கிறதா, உட்கார விடுகிறார்களா என்று நேரில் பார்க்க வேண்டும்.