வூப்பர் கூர்ப்படையவில்லை

கடந்த தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளை எழுதிய விடை இது: "புழு எவோல்வ் ஆகி கூட்டுப்புழு ஆகும். கூட்டுப்புழு எவோல்வ் ஆகி வண்ணத்துப்பூச்சி ஆகும்."

சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு. புள்ளி பூச்சியம். அந்தக் கோட்டைப் போட்டவர்கள் நாங்கள்தான். அதனால் இந்தப் பதிவில் முதலில் அடி வாங்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது பிள்ளை அழவுமில்லை, வாதாடவுமில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். நீலப் பென்சிலால் ஓர் உருவம். உருண்டைத் தலை, சிரித்த வாய், தலையின் இரு பக்கமும் மரக்கிளை மாதிரி ஊதா நிறக் கொம்புகள், கை கிடையாது, இரண்டே கால், ஒரு வால்.

"சேர், இது வூப்பர். இருபதாவது லெவல்ல எவோல்வ் ஆகி குவாக்சயர் ஆகும். இதுக்கு எவோல்வ் எண்டு சொல்லலாம், புழுவுக்கு மட்டும் ஏன் சொல்ல ஏலா?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. "அது கார்ட்டூன், இது பாடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தான்.

அதே கிழமை வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. போக்கிமொன் பார்க்கும் பிள்ளைகளுக்குக் கூர்ப்புக் கொள்கை களவாகப் புகட்டப்படுகிறதாம். பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டுமாம். ஆசிரியர் அறையிலோ வேறு கச்சேரி. "எவோல்வ் எண்ட சொல்லையாவது பழகுதுகளே, விட்டுடுங்க" என்றார் ஒருவர். "போனைப் பறிச்சா எல்லாம் சரி வரும்" என்றார் இன்னொருவர்.

இந்த மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறோம். வூப்பர் கூர்ப்படையவில்லை. ஒருபோதும் கூர்ப்படைந்ததும் இல்லை. பயந்தவரும் வீணாகப் பயந்தார், மகிழ்ந்தவரும் வீணாக மகிழ்ந்தார்.

நமது பாடப்புத்தகத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று உருமாற்றம். வாற்பேய் தவளையாவது, புழு வண்ணத்துப்பூச்சியாவது. ஒரே உயிர் தன் ஆயுளுக்குள்ளேயே உடலை மாற்றிக்கொள்வது. மற்றது கூர்ப்பு. அது ஓர் உயிருக்கு நடப்பதில்லை, ஒரு கூட்டத்துக்கு நடப்பது. தலைமுறை தலைமுறையாக, சில இயல்புகள் கூடி, சில இயல்புகள் குறைந்து, மெல்ல மெல்ல. தனியொரு தவளை காலையில் எழும்பிக் கூர்ப்படைவதில்லை.

இருபதாவது லெவலில் வெள்ளை வெளிச்சம் ஒன்று அடித்து, 40 சென்ரிமீற்றர் வூப்பர் 1.4 மீற்றர் குவாக்சயராக எழுந்து நிற்கிறதே, அது முதலாவது வகை. சுத்தமான உருமாற்றம். கையில்லாத குட்டிக்குக் கை முளைக்கிறது, பக்கக் கொம்புகள் மறைகின்றன. வாற்பேய்க்கு நடப்பதன் கற்பனைப் பிரதி. ஜப்பானில் இந்த விளையாட்டை உண்டாக்கியவர்கள் அதற்குக் கூர்ப்பு என்ற பொருள்படும் ஜப்பானியச் சொல்லையே வைத்தார்கள். ஆங்கிலத்திலும் அப்படியே போனது. சொல் கம்பீரமாக இருக்கிறது, அட்டை விற்கிறது. ஆனால் பிழையான சொல். பிள்ளை புழுவுக்கு அந்தச் சொல்லைப் போட்டபோது அவருடைய விளக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. வூப்பருக்கு நடப்பதும் புழுவுக்கு நடப்பதும் ஒரே விடயம் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார். பிழையான பெயர்ப்பலகையை ஒட்டியது கம்பனி. பூச்சியம் வாங்கியது பிள்ளை.

2001இல் சவூதி அரேபியாவில் போக்கிமொன் தடை செய்யப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது பெரிதாகப் பேசப்பட்டது சூதாட்டத் தன்மை. 2016இல் தெருத்தெருவாகப் போன் பிடித்துத் தேடும் விளையாட்டு வந்தபோது பழைய தீர்ப்பு மீண்டும் செய்திகளில் அடிபட்டது. கூர்ப்பும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. தீர்ப்புச் சொல்வது நமது வேலையல்ல, அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அட்டை வாங்குவதில் காசு கரைகிறது, நேரம் கரைகிறது என்று ஒரு வாப்பா சொன்னால் நாமும் தலையாட்டுவோம். கூர்ப்பை ஏற்பதா மறுப்பதா என்பதும் இந்தப் பதிவின் பேச்சு அல்ல. ஆனால் ஏற்கிறவரும் சரி, மறுக்கிறவரும் சரி, எதை என்று தெரிந்து செய்ய வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டத்தைப் பார்த்து "ஐயோ கூர்ப்பு" என்று ஓடுகிறவர் எதையும் மறுக்கவில்லை, சும்மா ஓடுகிறார்.

இனித்தான் நமக்கே சிரிப்பு வந்த இடம்.

வூப்பர் எந்தப் பிராணியைப் பார்த்து வரையப்பட்டது? அக்சலொட்டல். மெக்சிகோ நகரத்தின் தெற்கே சொச்சிமில்கோ கால்வாய்களில் வாழும் ஒரு சலமந்தர். 1985இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓர் உடனடி நூடில்ஸ் விளம்பரத்தில் அது வந்து நாடே பைத்தியமானது. அங்கே அதற்கு வைத்த செல்லப்பெயர் "ஊப்பா ரூப்பா". 1999இல் போக்கிமொன் கோல்ட், சில்வர் விளையாட்டுகளில் 194ஆம் இலக்கத்தோடு வந்த நீலக்குட்டிக்கு அந்தப் பெயரிலிருந்துதான் பெயர். தலையின் பக்கத்துக் கொம்புகள் கொம்புகளே அல்ல, பூக்கள். மீனுக்குச் செட்டைமூடிக்குள்ளே இருக்கிறதே சிவப்பாக, அதே பூக்கள், இதற்கு வெளியே கிளைவிட்டு நிற்கின்றன.

உயிரியல் படித்தவர்களிடம் அக்சலொட்டல் என்று சொன்னால் அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது இரண்டு விடயங்கள். வெட்டுப்பட்ட காலை முழுசாக மீண்டும் வளர்க்கும் என்பது ஒன்று. (அப்படிப்பட்ட பிராணியை வரையப் போய் முன்னங்கால் இரண்டையும் வைக்காமல் விட்ட கலைஞரை என்ன சொல்வது!) மற்றது, அது உருமாறாது என்பது. மற்றச் சலமந்தர்களில் பல வாற்பேய் போலத் தண்ணீரில் பிறந்து, பூக்களை இழந்து, சுவாசப்பையோடு கரையேறும். அக்சலொட்டல் ஏறாது. குடம்பி உடலோடேயே வளர்ந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அப்படியே தண்ணீரில் வாழ்ந்து முடிக்கும். உருமாற்றத்தைத் தூண்டும் தைரொயிட் ஓமோன் அதன் உடலில் போதிய அளவு எழுவதில்லை.

1864இல் மெக்சிகோவிலிருந்து 34 அக்சலொட்டல்கள் பாரிஸுக்குக் கொண்டு போகப்பட்டன. அடுத்த வருடம் அவற்றின் குஞ்சுகளில் சில பூக்களை இழந்து கரைச் சலமந்தர்களாக மாறியபோது, ஒகஸ்ட் டுமெரில் என்ற விலங்கியலாளர் தொட்டிக்குள் வேறு பிராணி எப்படி வந்தது என்று திகைத்துப் போனார். 1920இல் ஜூலியன் ஹக்ஸ்லி தைரொயிட் சுரப்பியை உணவாகக் கொடுத்து அக்சலொட்டலைக் கரையேற வைத்தார். ஆக, வழி உடம்புக்குள் இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது.

உலகத்தில் உருமாறாமைக்குப் பேர்போன பிராணியைத் தெரிந்தெடுத்து, அதை இருபதாவது லெவலில் உருமாற வைத்து, அதற்குக் கூர்ப்பு என்று பெயரும் வைத்தார்கள். ஒரே குட்டியில் இரண்டு பிழை. இதற்காகவாவது வூப்பரை வகுப்பறைக்குள் அழைத்துவர வேண்டாமா?

பிழையைத் திருத்தும் கருவியும் அதே விளையாட்டுக்குள் கிடக்கிறது. வூப்பர் அறிமுகமான அதே கோல்ட், சில்வரில்தான் எவர்ஸ்டோன் என்ற கல்லும் அறிமுகமானது. அதைச் சுமக்கும் பிராணி மாறாது. வெள்ளை வெளிச்சம் அடிக்கும்போது பீ பொத்தானை அமத்தினாலும் மாற்றம் நின்றுவிடும். எங்கள் பிள்ளை பீ பொத்தானை அமத்தி அமத்தியே வூப்பரை வூப்பராக வைத்திருக்கிறாராம். "குவாக்சயர் வடிவில்லை சேர்." நிஜ அக்சலொட்டலுக்கு மிகக் கிட்ட நிற்பது அந்தப் பிள்ளையின் வூப்பர்தான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022இல் வந்த ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளில் பல்தேயா என்ற கற்பனை நாட்டில் வேறொரு வூப்பர் இருக்கிறது. நீலமில்லை, மண்ணிறம். கதை இப்படி: இடத்துக்காக நடந்த சண்டையில் தோற்ற வூப்பர்கள் தண்ணீரை விட்டுக் கரையில் வாழத் தொடங்கின. காலப்போக்கில் உடலைக் காக்க நச்சுப்படலம் உண்டானது, பூக்கள் இறுகின, உடம்பு பாரமானது. ஒரு கூட்டம் பிரிந்து வேறு சூழலுக்குப் போய்த் தலைமுறைகளாக வேறாகிப் போகிறது. குரல் பதிவு அனுப்பிய சகோதரர் தேடுவது இதைத்தான்! போக்கிமொனில் கூர்ப்புக்குக் கொஞ்சமாவது கிட்ட வரும் இடம் இது. விளையாட்டு இதற்கு வைத்த பெயரோ வெறும் "பிராந்திய வடிவம்". கூர்ப்பல்லாததற்குக் கூர்ப்பு என்று பெயர், கூர்ப்பு மாதிரியானதற்கு அந்தப் பெயரே இல்லை. ஆசிரியருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கேள்வி யார் தருவார்?

நாங்களே மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. குரங்கு முன்னால் குனிந்து நடக்க, அடுத்தது கொஞ்சம் நிமிர, அடுத்தது இன்னும் நிமிர, கடைசியில் மனிதன் நேராக நடந்துபோகும் படத்தை எத்தனை தடவை கரும்பலகையில் வரைந்திருக்கிறோம்? 1965இல் வெளியான "ஆதி மனிதன்" என்ற ஆங்கிலப் புத்தகத்துக்கு ருடோல்ப் ஸலிங்கர் வரைந்த வரிசைப் படத்தின் பேரப்பிள்ளைகள் அவை. அதைப் பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? லெவல் ஒன்று, லெவல் இரண்டு, லெவல் மூன்று. வெள்ளை வெளிச்சம் ஒன்றுதான் குறை. கார்ட்டூன் வருவதற்கு முன்பே அந்தப் பிழையை நாம் படிப்பித்துவிட்டோம். பிறகு கார்ட்டூனைப் பழிக்கிறோம்.

வாழ்க்கை வட்டம் என்றால் வாற்பேய், தவளை, முடிந்தது என்று படிப்பித்ததும் நாம்தான். நமது நாட்டில் சலமந்தரே கிடையாது. ஆனால் நமது மலைக்காடுகளில் சின்னஞ்சிறு புதர்த் தவளைகள் இருக்கின்றன. அவற்றின் முட்டைக்குள்ளேயே எல்லாம் நடந்து, நேராகக் குட்டித் தவளையே வெளியே வரும். நீந்தித் திரியும் வாற்பேய்ப் பருவம் இல்லை. மெக்சிகோக்காரன் வாற்பேயாகவே நின்றுவிடுகிறான், நம்மூர்க்காரன் வாற்பேயைத் தாண்டிக் குதிக்கிறான். இந்த இரண்டையும் ஒரே பாடவேளையில் அடுத்தடுத்து வைத்தால் எந்தப் பிள்ளை நித்திரை கொள்ளும்? அந்தப் புதர்த் தவளைகளில் எத்தனையோ இனங்கள் ஏற்கெனவே அழிந்துபோயின. அவற்றுக்கு அட்டையுமில்லை, பொம்மையுமில்லை.

அக்சலொட்டலுக்கு எல்லாம் இருக்கிறது. 2021இல் மைன்கிராஃப்ட்டுக்குள் வந்தது, அதே வருடம் மெக்சிகோவின் 50 பேசோ தாளிலும் வந்தது. உலகம் முழுவதும் கண்ணாடித் தொட்டிகளிலும் ஆய்வுகூடங்களிலும் பல்கிக் கிடக்கிறது. சொச்சிமில்கோவில் ஆராய்ச்சியாளர்கள் 1998இல் எண்ணியபோது ஒரு சதுரக் கிலோமீற்றருக்கு 6,000. 2014இல் 36. உணவுக்கென்று கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டையைத் தின்றன, நகரத்தின் அழுக்கு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. விளையாட்டில் பல ஆயிரத்தில் ஒன்றாக வரும் அபூர்வ வூப்பர் இளஞ்சிவப்பு நிறம். பிள்ளைகள் அதற்காகத் தவம் கிடக்கிறார்கள். நிஜத்தில் தொட்டிக் கடைகளில் இளஞ்சிவப்பு மலிவாகக் கிடைக்கிறது. கால்வாய்ச் சேற்றில் கருமண்ணிறமாகக் கிடப்பதுதான் அபூர்வம்.

போனைப் பறிக்கச் சொன்ன சகோதர ஆசிரியருக்கு ஒரு வார்த்தை. பறியுங்கள், இராத்திரி பத்து மணிக்குப் பறிப்பது நல்லதுதான். ஆனால் பறிப்பதற்கு முன் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒருமுறை கேளுங்கள். எங்கள் வகுப்பில் நூற்றுக்கணக்கான பிராணிகளின் பெயர், வகை, வாழிடம், உணவு, எந்த லெவலில் எதுவாகும் என்று ஒப்புவிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறார்கள். அதே நான்கு பேர் முள்ளந்தண்டு விலங்குகளின் ஐந்து வகுப்புகளைச் சொல்லத் திணறுகிறார்கள். ஞாபகசக்தியில் குறை என்று யாராவது சொல்வீர்களா?

வட்ஸ்அப் குழுவுக்கு நாங்கள் ஒரு பதில் அனுப்பினோம். குரல் பதிவு அல்ல, ஒரு படம். பக்கத்துக்குப் பக்கம் வூப்பரும் அக்சலொட்டலும். கீழே இரண்டு சொற்கள், உருமாற்றம், கூர்ப்பு, அவற்றின் விளக்கம் இரண்டு வரியில். குரல் பதிவு அனுப்பிய வாப்பா நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "சேர், இந்தப் பிராணி உண்மையிலேயே இருக்கா?" இருக்கிறது என்றோம். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அடுத்த நாள் அந்த விடைத்தாளைக் கேட்டு வாங்கினோம். சிவப்புக் கோட்டை அழிக்க முடியவில்லை. "எவோல்வ் ஆகி" என்ற இரண்டு இடங்களையும் வட்டமிட்டு, மேலே "உருமாறி" என்று எழுதி, நான்குக்கு மூன்று போட்டோம். பிள்ளை தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்து வூப்பரின் பக்கத்தில் குவாக்சயருக்குப் போட்டிருந்த அம்புக்குறியை அழிறப்பரால் தேய்க்கத் தொடங்கினார்.