சுவர் தாங்குமா?

மாணவ நேயர் ஒருவர் எமக்கு வரைந்த மடலில் நல்லதொரு வினாவை விடுத்துள்ளார். அவருடைய தமையனார் மோட்டர் வாகனங்களைத் திருத்தும் வேலைத்தலமொன்றை நடத்துகின்றாராம். இயந்திரங்களைத் தூக்கியிறக்க ஒற்றைக்கைப் பாரந்தூக்கி ஒன்றை அமைக்க எண்ணுகின்றார். கிடையாக நீண்டு சுழலும் உருக்குக் கை, அதன்மேல் ஓடும் சில்லு, அதிலே தொங்கும் சங்கிலிக்கப்பி: இவ்வளவே அக்கருவி. "நிலத்தைத் தோண்டித் தூண் நாட்டுவது வீண்செலவு, சுவரிலேயே மாட்டிவிடலாம்" என்கின்றாராம் அண்ணர். சரிதானா?

நீர் நிறைந்த வாளியை உடம்போடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள். பின்னர் கையை நீட்டிப் பிடியுங்கள். நீரின் நிறை கூடவில்லை. ஆயினும் தோள் கெஞ்சுகின்றது. பாரந்தூக்கியின் நிலையும் இதுவே.

நான்கு மீற்றர் நீண்ட கையின் நுனியில் 500 கிலோகிராம் பாரம் தொங்குவதாகக் கொள்வோம். அக்கை, ஒரு மீற்றர் இடைவெளியில் மேலுங் கீழுமாக அமைந்த இரு தாங்கிகளாற் சுவரிற் பொருத்தப்பட்டுள்ளது. மேல்தாங்கியைச் சுவரிலிருந்து பிடுங்க முயலும் விசை எவ்வளவு? 500ஐ 4ஆற் பெருக்கி 1ஆல் வகுத்தால், 2,000 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை! கீழ்த்தாங்கி அதேயளவு விசையுடன் சுவரை உள்ளே தள்ளும். கையின் சொந்த நிறையையும், பாரத்தைச் சட்டெனத் தூக்கும்போது உண்டாகும் குலுக்கத்தையும் நாம் இன்னுஞ் சேர்க்கவில்லை. வெறுங் கற்சுவர் இதற்கு ஏற்றதன்று. கட்டடத்தின் உருக்குத் தூணிலோ வலுவூட்டிய கொங்கிறீற்றுத் தூணிலோ மாட்டலாம். அதுவும் பொறியியலாளர் கணக்கிட்டுக் கூறிய பின்னரே. சுவர்வகை ஏறத்தாழ அரைவட்டமே சுழலும் என்பதும் ஒரு குறை.

தனித்து நிற்கும் தூண்வகை முழுவட்டஞ் சுழலும்; கட்டடத்தை நம்பியிராது. ஆனால், தூணைக் கவிழ்க்க முயலும் விசை முழுவதையும் அத்திவாரமே ஏற்கவேண்டும். அதனாலேயே நிலத்துள் பெரிய கொங்கிறீற்றுக் கட்டி தேவைப்படுகின்றது. அண்ணர் அஞ்சும் செலவு இதுதான்.

இவற்றுக்கு இடைப்பட்ட வகையொன்று உண்டு. தரையிலிருந்து கூரை விட்டம்வரை எழும் கம்பம், இரு முனைகளிலும் பிடிக்கப்பட்டுச் சுழல்வது. பிடிகளுக்கிடையே ஆறு மீற்றர் இருப்பின், முற்கூறிய அதே பாரம் மேற்பிடியை ஏறத்தாழ 333 கிலோகிராம் அளவே இழுக்கும். அத்திவாரமுஞ் சிறிதாகும். விட்டம் எப்பக்கத்து இழுவையையும் தாங்கவல்லதாயிருத்தல் வேண்டும்; தகரக் கூரையைச் சுமக்கும் மரச் சலாகைகளை நாம் விட்டமென்று கூறவில்லை!

முழங்கைபோல் மடியும் இரட்டைக்கை வகை, இடையே நிற்கும் தூண்களைச் சுற்றிப் பாரத்தைக் கொண்டுசெல்லும். சிறிய வேலைத்தலத்துக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை.

எதனைத் தெரிந்தாலும், பாதுகாப்பாகத் தூக்கத்தக்க நிறையை அதன்மீது தெளிவாகப் பொறித்தல் வேண்டும். இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இதனை வேண்டுகின்றது. தொங்கும் பாரத்தின் கீழே எவரையும் நிற்கவிடலாகாது.

ஆகவே, தம்பி, அண்ணரிடம் கூறுக: பொறியியலாளரை அழைத்துச் சுவரைக் காட்டுமுன் கூரை விட்டத்தைக் காட்டட்டும்.