நள்ளிரவு ஷிப்டு யாருக்கு?

மணி இரண்டு. ஊரே உறங்குகிறது. ஆலைத் தொழிலாளியின் ஒண்டுக் குடித்தன வீட்டிலே மட்டும் ஒரு தாய் எழுந்து நிற்கிறாள். முந்தானையிலே எதையோ முடிந்துகொண்டு, "வீட்டுக்குப் போகணும், கதவைத் திற" என்கிறாள். நிற்பதே அவள் வீட்டிலேதான்! கிழவிக்குக் கிறுக்கு என்பான் ஒருவன். காத்துக் கருப்பு என்பான் இன்னொருவன். மந்திரித்துக் கயிறு கட்ட ஐந்நூறு கேட்பான் மூன்றாமவன்.

பேயுமல்ல, பிடிவாதமுமல்ல, தோழர்களே! மறதிநோய். டிமென்ஷியா என்பர் மருத்துவர். இது பகல், இது இரவு என்று உடலுக்குச் சொல்லும் கடிகாரமொன்று மூளையிலே இருக்கிறது. நோய் அதையும் கெடுத்துவிடுகிறது. பகலெல்லாம் கண்ணயர்வு, பொழுது சாய்ந்தால் பரபரப்பு. சுவரிலே ஆடும் நிழல் திருடனாகத் தெரியும். சிறுநீர் முட்டுவதைச் சொல்லத் தெரியாமல் நடந்துகொண்டேயிருப்பாள். 2023-இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவிலே 60 வயது கடந்தோரில் 100-க்கு 7 பேருக்கு மேல் இந்நோய் என்று கணக்கிட்டது; ஏறக்குறைய 88 இலட்சம் பேர்!

இத்தனை பேரின் இரவைக் காப்பது யார்? எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்ற முழக்கம் நமக்குப் புதிதா? 1923-இலே சென்னையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய காலந்தொட்டுக் கேட்ட முழக்கமல்லவா! ஆலையிலே மூன்று ஷிப்டு உண்டு. வீட்டிலோ ஒரே ஷிப்டு. மாற்றாள் இல்லை, மிகைநேரக் கூலி இல்லை, மகளோ மருமகளோதான் அதிலே தொழிலாளி. காலை ஷிப்டுக்காரன் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். அவள் எப்போது கண்மூடுவது?

சில வீட்டிலே காலுக்குக் கயிறு, கதவுக்கு வெளிப்பூட்டு. 2001 ஆகஸ்ட் 6-ஐ மறந்துவிட்டோமா? ஏர்வாடியிலே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் கொட்டகையில் அதிகாலையிலே தீ. 28 உயிர் போயிற்று. அவர்கள் நோய் வேறு, சங்கிலி ஒன்றுதான். தூக்க மாத்திரை கொடுத்தாலென்ன என்பீர்கள். மருத்துவரைக் கேளாமல் கொடுத்தால், தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறியும்.

பகலிலே வெளிச்சத்திலே நடக்கவிடுங்கள். மாலைக்குமேல் காபி வேண்டாம். கழிப்பறை வழியிலே சிறு விளக்கு, கதவிலே ஒரு மணி. "இதுதாம்மா வீடு" என்று வாதாடாதீர்கள். "போகலாம்மா, தண்ணி குடிச்சிட்டு" என்றால் பாதி அடங்கும். இரவை அண்ணனும் தம்பியும் முறைபோட்டுக் கொள்ளட்டும். ஆம், ஆண்களைத்தான் சொல்கிறேன்!

2021 ஆகஸ்டிலே தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாயிலுக்கே கொண்டுவந்தது. நல்லது. வாயில்வரை வரத் தெரிந்த அரசு, பகலிலே இம்முதியோரை வைத்துப் பார்க்க வட்டத்துக்கொரு இல்லம் தரக்கூடாதா? பகலிலே பேசி, நடந்து, விழித்திருந்தவள் இரவிலே சற்றேனும் உறங்குவாள், மருமகளும் உறங்குவாள்.

கிளைத் தோழர்கள் தம் தெருவிலே எத்தனை வீட்டில் இப்படி நள்ளிரவில் விளக்கெரிகிறது என்று கேட்டெழுதி, கவுன்சிலரிடம் கொடுக்கட்டும். பெண்களிடம் கேளுங்கள். ஆண்களைக் கேட்டால், "அம்மா நல்லாத்தானே தூங்குறாங்க" என்பார்கள்!