கென்யாவில் புவிவெப்ப மின்னாக்கமும் அரசு நிதியும்

புவிவெப்ப மின்னாக்கத்தின் மிகப்பெரிய நிதி இடர் கிணறு தோண்டும் தொடக்க நிலையிலேயே உள்ளது. நிலத்தடியில் போதிய நீராவி உள்ளதா என்பது பல மில்லியன் டாலர் செலவிட்டுத் துளையிட்ட பின்னரே உறுதியாகும். எனவே இக்கட்டத்தில் வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன.

இவ்விடரைத் தானே ஏற்கும் நோக்குடன் கென்ய அரசு 2008இல் புவிவெப்ப மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தது. அந்நிறுவனம் கிணறு தோண்டி நீராவியை விற்கும். தனியார் நிறுவனங்கள் மின்நிலையம் அமைக்கும் என்பதே திட்டம். மெனெங்காய் எரிமலைப் பகுதியில் 2011இல் துளையிடல் தொடங்கியது. ஆயினும் அங்கு முதலாவது 35 மெகாவாட் மின்நிலையம் 2023இலேயே இயங்கத் தொடங்கியது. அதுவரை அக்கிணறுகளில் முடங்கிய பொதுப்பணத்துக்கு மின்னாக்கத்தால் வருவாய் கிடைக்கவில்லை.

கிணற்று இடரை அரசு ஏற்பதால் மட்டும் காலத்தாழ்வின் இடர் நீங்குவதில்லை. அச்சுமையும் இறுதியில் பொதுமக்கள் மீதே விழுகிறது.