கப்பலுக்கு ஒரு நாள், குதிரைக்கு ஏழு நாள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று கை கூப்பும் படம் போட வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சந்தோஷம்.

பத்து நாளாக நம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே பேச்சு. புதுச்சேரிக்குச் சுற்றுலாக் கப்பல் வருகிறது, கப்பலில் இருந்து இறங்குகிறவர்களுக்குக் கடற்கரையில் குதிரைச் சவாரி விட்டால் நல்ல காசு பார்க்கலாம் என்று. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை, கடன் வாங்கி அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் நாலு குதிரை பிடிக்கப் போவதாகச் சொல்கிறான். என் தம்பி மகன் அதில் பங்கு போடுகிறானாம். "அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்பா பணம் குடுப்பார்" என்று எனக்குத் தனியாகச் செய்தி வேறு. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் "வாழ்த்துகள்" போட்டிருக்கிறீர்கள்.

ஒரு வார்த்தைதானே கேட்டான்? சொல்கிறேன்: வேண்டாம்.

ஏன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். வாழ்த்தை எல்லோர் முன்னிலையிலும்தானே சொன்னீர்கள்.

முதலில் கணக்கு. நாலு குதிரை. ஒரு சவாரி பத்து நிமிடம், ஏற்றி இறக்க ஐந்து நிமிடம். மணிக்கு ஒரு குதிரைக்கு நாலு சவாரி. கப்பல் ஆட்கள் கரையில் இருக்கும் நேரத்தில் ஐந்து மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 80 சவாரி. ஆளுக்கு 200 ரூபாய் என்றால் 16,000 ரூபாய். இந்த எண்ணைத்தான் குழுவில் போட்டு எல்லோரையும் மயக்கினான். சரி, மீதிக் கணக்கை யார் போடுவது? கப்பல் வாரத்துக்கு ஒரு தரம் வந்தாலும் குதிரைக்கு ஏழு நாளும் வயிறு இருக்கிறது. புல், கொள்ளு, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு குதிரைக்கு நாளைக்கு 400 ரூபாய் என்று குறைத்தே வையுங்கள். நாலு குதிரை, ஏழு நாள்: 11,200 ரூபாய். மீதி 4,800. இதில்தான் கடன் தவணை, கடிவாளம் பிடிக்கிற ஆள் கூலி, லாடம், மருத்துவர், லாயத்து வாடகை எல்லாம். விலை தப்பு என்றால் நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கப்பல் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

கப்பல் வராமல் போகாதா? 2022 ஜூனில் சென்னையில் இருந்து கிளம்பிய கார்டீலியா கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்பு. மூன்று வருடம் கழித்து 2025 ஜூலையில்தான் வந்தது. அப்போதும் நம் துறைமுகத்தில் அந்தக் கப்பல் வந்து கட்ட ஆழம் இல்லை. நடுக்கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தால் படகு இல்லை, படகு இல்லையென்றால் சவாரி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடல் எப்படி இருக்கும் என்று வீராம்பட்டினத்தில், நல்லவாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் வேண்டாம், தினமும் கூட்டம் வருகிற இடம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடி, டிசம்பர் 14-ஆம் தேதிதான் மக்களுக்குத் திறந்தார்கள். அந்த ஒன்பது மாதமும் அங்கே குதிரை வைத்திருந்தவர்கள் தீவனத்துக்குப் பட்ட பாடு பத்திரிகையில் வந்தது. ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கலாம். குதிரையை அப்படி நிறுத்த முடியாது.

இரண்டாவது, அந்த 80 சவாரியைக் குதிரையின் பக்கம் இருந்து பாருங்கள். ஒவ்வொரு குதிரையும் ஐந்து மணி நேரத்தில் 20 பேரைச் சுமக்கிறது. இருபது பேரும் வாழ்க்கையில் குதிரை ஏறாதவர்கள். பழகியவர் ஏறினால் முழங்காலாலும் இடுப்பாலும் தன் எடையைத் தானே தாங்குவார். பழகாதவர் மூட்டை மாதிரி உட்கார்ந்து, குதிரையின் ஒவ்வொரு அடிக்கும் அதன் முதுகில் தொப்பென்று விழுவார். பயம் வந்தால் கடிவாளத்தைப் பிடித்து இழுப்பார். அந்த வாரின் மறுமுனையில் இருக்கும் இரும்பு குதிரையின் வாய்க்குள், நாக்கின் மேல் கிடக்கிறது. இழுப்பவருக்கு அது தெரியாது. அவர் செல்பிக்குச் சிரித்துக்கொண்டிருப்பார்.

சுமை இழுக்கிற, சுமக்கிற விலங்குகளுக்காக 1965-இல் மத்திய அரசு போட்ட விதிகள் இருக்கின்றன. நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. மட்டக்குதிரைக்குச் சுமை 70 கிலோ. சவாரி செய்பவர் 'சுமை' ஆவாரா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். குதிரையின் முதுகெலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 90 கிலோ ஆள் வந்து 200 ரூபாயை நீட்டினால், "ஐயா, நீங்கள் ஏறக் கூடாது" என்று சொல்லும் தைரியம் நம் பிள்ளைக்கு வருமா? தவணை கட்ட வேண்டிய தேதி நெருங்கும்போது வருமா?

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்த ஆண்டு 1960. நோஞ்சான் குதிரையையும் புண்ணுள்ள குதிரையையும் வேலை வாங்குவது குற்றம் என்று அதில் இருக்கிறது. முதல் குற்றத்துக்கு அதில் எழுதி வைத்த அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய். ஒரு சவாரிக் காசில் நாலு அபராதம் கட்டலாம். ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி யாரும் என் வாயை அடைக்க வேண்டாம்.

குதிரை வளர்ப்பது மாடு வளர்ப்பது மாதிரிதானே என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை அப்பா. மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசை போடும். குதிரைக்குச் சின்ன வயிறு ஒன்றுதான், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய வேண்டிய பிராணி. அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. தீவனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலியிலேயே செத்துப்போகும். மணலில் போட்ட புல்லைத் தின்றால் மணலும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று தவிட்டையே கொட்டினால் எலும்பு கெட்டுப்போகும். ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் வேண்டும், வெயிலில் வேலை செய்தால் அதற்கும் மேல். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும். வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூனிலும் சேர்த்து லாடம் அடிக்கத் தெரிந்தவர் யார் என்று எனக்கு ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

இது புதுக் கதையும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய மன்னர்கள் அரபு நாட்டில் இருந்து வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்களாம். வருடக் கடைசியில் நூறு மிஞ்சுவதே கஷ்டமாம். காரணம், பராமரிக்கத் தெரிந்த ஆளும் இல்லை, சரியான தீனியும் இல்லை. விற்ற வியாபாரிகளும் லாடக்காரர்களை இங்கே வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் மறுபடி விற்கலாம்! அன்றைக்குக் கப்பலில் குதிரை வந்து செத்தது. இன்றைக்குக் கப்பலில் ஆள் வந்து ஏறப் போகிறார்கள். குதிரைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது, ஏறுகிறவர் பாடு. ரப்பர் செருப்போடு வருவார். அங்கவடியில் பாதம் முழுசாக உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஒரு பட்டமோ நாயோ குறுக்கே வந்து குதிரை மிரண்டால், கீழே விழுந்தவரை அது இழுத்துக்கொண்டே ஓடும். தலைக்கவசம் இருக்குமா? விழுந்த காயத்தில் குதிரைச் சாணம் பட்டால் ரண ஜன்னி வரலாம் என்று நான் அறிவியல் பாடத்தில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அடிபட்டவர் மாலையே கப்பலேறிப் போய்விடுவார். வழக்கு இங்கே நிற்கும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை அப்போது புரியும்.

"வெளிநாட்டில் விடுகிறார்களே, ஜமைக்காவில் கடலுக்குள்ளேயே குதிரையில் போகிறார்களே" என்று வீடியோ அனுப்பினீர்கள். பார்த்தேன். அந்த மாதிரி இடங்களில் பின்னால் ஒரு பண்ணை இருக்கிறது, மேய்ச்சல் நிலம் இருக்கிறது, மாற்றிவிடக் குதிரைகள் இருக்கின்றன. எடைக்கு வரம்பு, வயதுக்கு வரம்பு, தலைக்கவசம் எல்லாம் பல இடங்களில் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு வீடியோவில் தெரிகிற அலையை மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறோம். நம் நாட்டிலேயே மும்பையில் விக்டோரியா குதிரை வண்டி எவ்வளவு பேர்போனது! 2015-இல் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று சொல்லி நிறுத்தச் சொன்னது. ஊரே பார்க்கிற இடத்தில் பல தலைமுறையாக நடந்த தொழிலுக்கே அந்தக் கதி.

இடம் எங்கே என்றும் யாரும் சொல்லவில்லை. காந்தி சிலைப் பக்கம் பெரும்பாலும் கருங்கல். சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை நீலக்கொடி வாங்கியது. நீலக்கொடி வேண்டுமென்றால் கடற்கரையில் வளர்ப்புப் பிராணிகளைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும். மிச்சம் இருப்பது பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் மாதிரி மீனவர் ஊர்கள். அங்கே மணல் என்பது வலை உலர்த்துகிற, படகு ஏற்றுகிற, கருவாடு காய்கிற இடம். தை, மாசியில் ஆமை ஏறி முட்டையிடுகிற இடமும் அதுதான். நம் களத்து மேட்டில் யாராவது குதிரை ஓட்டினால் சும்மா இருப்போமா?

நாலாவது, இதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன். கடிவாளம் பிடிக்கப் போவது யார்? எந்தச் சுற்றுலா ஊரிலும் போய்ப் பாருங்கள். குதிரை பக்கத்தில் ஓடுவது பெரும்பாலும் ஒரு பையன். மெலிந்தவன், வேகமாக ஓடுவான், கூலி கம்மி. ஒரு சனிக்கிழமை ஒரு கடற்கரையில் அப்படி ஒருவனிடம் "எந்த வகுப்புப்பா?" என்று கேட்டேன். சிரித்தான், பதில் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வருகைப் பதிவேடு போட்டவளுக்கு அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியாதா? பதினாலு வயதுக்குள் இருக்கிற பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2016 திருத்தத்தில் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு வாசல் திறந்துவிட்டார்கள். கணக்கில் மிச்சம் 4,800 ரூபாய் என்று பார்த்தோமே, அதில் பெரிய ஆளுக்குக் கூலி கட்டுப்படியாகாது. அப்போது அந்த வாசல் வழியாக யார் வீட்டுப் பிள்ளை உள்ளே வருவான்? கப்பல் புதன்கிழமை வந்தால் புதன்கிழமை அவன் பெயருக்கு நேரே 'வ' விழுமா, 'இ' விழுமா?

பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். கப்பலில் வருகிறவரிடம் காசு வாங்க வேண்டும், சரி. நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஐயனார் கோயிலுக்குக் குதிரை செய்து கொடுத்த கைகள் இருக்கின்றன. அரிக்கமேடு இருக்கிறது, இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ரோமாபுரிக் கப்பல் சரக்கு வந்த இடம். வேன் வைத்து அவர்களை அங்கே அழைத்துப் போங்கள். ஒரு குயவர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து களிமண்ணில் சின்னக் குதிரை செய்து எடுத்துப் போகட்டும். அந்தக் குதிரைக்குப் புல் வேண்டாம். கப்பல் வராத வாரத்தில் அது அலமாரியில் சும்மா இருக்கும். நாலு குதிரைக் கடனில் ஒரு வேனுக்கு முன்பணம் கட்டலாம். கப்பல் இல்லாத நாளில் வேன் கல்யாணத்துக்கு ஓடும்.

இல்லை, எனக்குக் குதிரைதான் பிடிக்கும் என்கிறாயா? நல்லது. ஆரோவில்லில் குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. போய் ஆறு மாதம் லாயம் கூட்டு, சாணம் அள்ளு, ஏறக் கற்றுக்கொள். குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் போய், ஒரு குதிரைக்கு வருடத்துக்கு என்ன செலவு, என்ன ஊசி என்று எழுதி வாங்கி வா. பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவனும் கடிவாளம் தொட மாட்டான் என்று எழுதிக் கொடு. உச்சி வெயிலில் விட மாட்டேன், எடை பார்க்காமல் ஏற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடு. அதோடு வந்தால் உன் மாமனிடமும் பேசுகிறேன், என் ஓய்வூதியத்தில் இருந்தும் தருகிறேன். அதுவரை என் வார்த்தையும் கிடையாது, காசும் கிடையாது.

மற்றவர்களுக்கு ஒன்று. அடுத்த முறை எந்தக் கடற்கரையிலாவது பிள்ளையைக் குதிரையில் ஏற்றும் முன் மூன்று இடம் பாருங்கள்: சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, கடிவாளம் பிடித்தவனுக்கு மீசை முளைத்திருக்கிறதா. ஒன்றில் தவறினாலும் பிள்ளைக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்துவிடுங்கள்.

"வாழ்த்துகள்" போட்டவர்கள் இந்தப் பதிவின் கீழே உங்கள் கணக்கைப் போடுங்கள். என் கணக்கில் தப்பு இருந்தால் திருத்துங்கள். எண்ணால் திருத்துங்கள், வெறும் கை தட்டுவது வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்,
செல்லிப்பட்டு.