ஓடுபவனின் பசி

‘பசி ருசி அறியாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. நெடுந்தூரம் ஓடுபவனின் நிலையோ வேறு. உடலுக்கு உணவு மிகவும் வேண்டப்படும் வேளையிலேயே அவனிடம் பசி தலைகாட்டுவதில்லை. மரதன் ஓட்டத்துக்குப் பயிலும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் இதனை அறிந்துகொள்ளுதல் நன்று.

நாம் உண்ணும் மாச்சத்து, கிளைக்கோசன் என்னும் உருவில் உடலிலே சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராமும், தசைகளில் 400 கிராமுமே இவ்வாறு தங்கும். கொழுப்போ பல நாட்களுக்குப் போதுமான அளவு உண்டு. எனினும் அது மெல்ல எரியும் விறகு போன்றது. விரைந்து ஓடுபவனுக்கு அது மட்டும் போதாது. இரண்டு மணி நேரம் ஓயாது கடுமையாக ஓடினால் கிளைக்கோசன் வற்றத் தொடங்கும். கால் கனக்கும்; கண் இருளும்; சிந்தை தடுமாறும்.

1924 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்டன் நகர மரதன் ஓட்டத்தை முடித்தவர்களின் குருதியை லெவின், கோர்டன், டெரிக் என்னும் மருத்துவர்கள் சோதித்தனர். களைத்து வெளிறி நின்றோரின் குருதியிலே சீனிச்சத்து மிகக் குறைந்திருந்தது. மறு ஆண்டு, முதல்நாள் மாச்சத்து மிக்க உணவும் ஓட்டத்தினிடையே இனிப்பும் உண்ணுமாறு ஓட்டக்காரருக்குக் கூறப்பட்டது. அவ்வாறு உண்டோர் தளராது ஓடி முடித்தனர்.

அங்ஙனமாயின் பசி ஏன் எச்சரிப்பதில்லை? கடுமையாக ஓடுங்கால் குருதி பெருமளவு தசைகளுக்கும் தோலுக்கும் பாய்கிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் செல்வது குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோனும் தாழ்கிறது. ஓட்டம் முடிந்த பின்னரும் சிறிது நேரம் இந்நிலை நீடிக்கும். ‘எனக்கு ஒன்றும் வேண்டாம், அம்மா’ என்று பிள்ளை கூறுவது பிடிவாதமன்று, உடலின் இயல்பே.

ஆயினும், அவ்வேளையிலேதான் தசைகள் உணவை ஆவலோடு ஏற்கின்றன. 1966 இல் பேர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இருவர், ஒரே சைக்கிளை ஆளுக்கொரு காலால் மிதித்துக் களைத்தனர். பின்னர் மூன்று நாட்கள் மாச்சத்து மிக்க உணவை உண்டனர். உழைத்த காலில் சேர்ந்த கிளைக்கோசன், ஓய்ந்திருந்த காலில் இருந்ததைப் போல் ஏறக்குறைய இரு மடங்காயிருந்தது!

தாகத்தின் கதை வேறு. பசியை நம்பலாகாது; தாகத்தை நம்பலாம். தாகமின்றியே நீரை அளவிறந்து குடித்தால் குருதியில் உப்பு நீர்த்துவிடும். 2002 ஆம் ஆண்டு பொஸ்டனில் சோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரருள் நூற்றுக்கு 13 பேரிடம் இக்குறை காணப்பட்டது. இது முற்றினால் உயிருக்கே இடராகும். ஆதலின், ஓடி முடித்தவன் தலையிடித்து, வாந்தியெடுத்து, மதி மயங்கினால் மேலும் மேலும் நீர் புகட்டாது உடனே வைத்தியரை நாடுக.

இனி, செய்யத்தக்கவை யாவை? ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னரே இடியப்பமோ பாணோ சோறோ உண்ணுதல் வேண்டும்; எண்ணெய்ப் பண்டங்களை அன்று தவிர்க்கலாம். ஒரு மணி நேரத்துக்குட்பட்ட ஓட்டத்தினிடையே உணவு வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டால், பசியாதபோதும் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலே ஏறக்குறைய 25 கிராம் உண்டு. ஓடி முடித்ததும் திண்ணிய உணவு இறங்காவிடின் இனிப்பிட்ட பாலோ பழச்சாறோ பருகலாம். பின்னர் சோறும் பருப்பும் உண்ணலாம்.

வெறும் வயிற்றோடு ஓடுவதை வீரமென்று கருதும் மாணவர் சிலர் உளர். அது வீரமன்று, எண்ணெயின்றி விளக்கெரிக்க முயல்வதேயாகும். பிள்ளையின் பசியைக் கேட்டு உணவிடுவது நாள்தோறும் தாய்மார் வழக்கம். ஓட்ட நாளில் மட்டும், பசியைக் கேளாது கடிகாரத்தைப் பார்த்து உணவிடுவார்களாக!