ஐம்பதிலும் வளையும்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி. சிறுவரை நெறிப்படுத்துதற்கு எழுந்த இம்மொழியை, முதியவரைக் கல்வியினின்றும் விலக்குதற்குக் கருவியாகக் கொள்வோரும் உளர். பகலிற் கல்லூரியிற் கற்பித்து, வாரத்தில் இரு மாலைகள் முதியோர் வகுப்பொன்றிற் பகுதிநேர ஆசிரியராகப் பணிபுரியும் யாம் அதனை ஒப்புதற்கில்லை. ஐம்பதில் வளையாதென்பது உண்மையன்று. வளைக்கும் முறை வேறு என்பதே உண்மை.

முதியோர் கல்வி யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதொன்றன்று. திருக்கோயில்களிலே கந்தபுராணம் படிக்குங்கால் ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். ஏடு தொட்டறியாத கமக்காரரும் தாய்மாரும் கேட்டே பொருளுணர்ந்தனர். ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். அக்காலத்தில் அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராகவும் இருந்தார். பாடசாலையிற் சிறுவர்க்கும் கோயிலில் ஊரார்க்கும் கற்பித்த அவர், எம்போல்வார்க்கு முன்னோடியாவார்.

ஆயினும், கேள்வியறிவு வேறு, எழுத்தறிவு வேறு. இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதன் பின்னரும் வறுமையால் இளமையிலேயே வேலைக்குச் சென்றோர், தம்பி தங்கையரைப் பார்த்தற்பொருட்டு வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்கள், 1983 தொடக்கம் 2009 வரை நிகழ்ந்த போரால் ஊர் ஊராக இடம்பெயர்ந்தோர் எனப் பலர் பள்ளிப்படிப்பை இழந்தனர். இவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர், வாய்ப்பிற் குறைந்தவர். கூட்டவும் கழிக்கவும் மனக்கணக்கில் வல்லவரே வங்கிப் பத்திரத்தின் முன் தலைகுனிந்து நிற்பர்.

எம் வகுப்பில் அறுபதைக் கடந்த ஆச்சி ஒருவர் உளர். எதனைக் கற்க விரும்புகின்றீர் என வினாவினோம். “தம்பி, வங்கியிலை எல்லாரும் பார்க்க விரலிலை மை பூசுறது வெட்கமாயிருக்கு. என்ரை பேரை நான் எழுதவேணும்; அவ்வளவுதான்” என்றார். அவர்க்கு ‘அணில், ஆடு’ என்று தொடங்குதல் பொருந்துமா? அவர் பெயரிலுள்ள நான்கு எழுத்துக்களே அவர்க்கு அரிச்சுவடியாயின. அவற்றிலிருந்து மகளின் பெயர், ஊரின் பெயர், பேருந்தின் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு எனப் பாடம் விரிந்தது.

பிரேசில் நாட்டிற் பாவுலோ பிரெய்ரே என்னும் அறிஞர் 1963இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரிலே, ஏறக்குறைய 300 தொழிலாளர்க்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முற்பட்டதும் இவ்வழியினாலேயே. அவர்தம் வாழ்க்கையிற் பயின்ற சொற்களையே அவர் முதற்பாடமாக்கினார். தமிழெழுத்து 247 என்றவுடன் முதியோர் அஞ்சுவர். உயிர் 12, மெய் 18, ஏனையவற்றுட் பெரும்பாலன இவற்றின் சேர்க்கை எனப் பிரித்துக் காட்டின் அச்சம் பாதியாய்க் குறையும்.

இப்பணியை மேற்கொள்ள எண்ணும் இளம் பட்டதாரிகட்குச் சில கூறுவோம். ஊதியம் சிறிது, அதனை நம்பி வாராதீர். அறுவடைக் காலத்திலும் வெங்காய நடுகைக் காலத்திலும் வகுப்பிற் பாதிப்பேர் இரார். அதனைச் சோம்பல் எனக் கொள்ளாதீர். வயலில் நின்று களைத்தவர் சிறுவர் வாங்கில் முழங்காலை மடித்து அமர்ந்திருக்கின்றார் என்பதை நினைவிற் கொள்க. கொப்பியிற் சிவப்பு மையாற் குறுக்கே கோடிடாதீர். பிறர் முன்னிலையிற் பிழை காட்டாதீர். ‘ஐயா’, ‘அம்மா’ என்னும் விளி உங்கள் நாவினின்றும் நீங்காதிருக்கட்டும். சிறுவன் அவமானத்தை மறந்து மறுநாளும் வருவான், முதியவர் வாரார்.

எனினும் வகுப்பினும் பெரிய இடையூறு வீட்டிலேயே உண்டு. “இனிப் படித்து உத்தியோகமா பார்க்கப் போகிறாய்?” என்னும் கணவரின் ஏளனமும், பேரப்பிள்ளைகளின் சிரிப்பும் பலரைப் படலையோடு திருப்பிவிடுகின்றன. பேரன் தன் கொப்பியைப் பார்த்து நகைத்தான் என்பதற்காகவே வகுப்பை விட்ட முதியவர் ஒருவரை யாம் அறிவோம். மீண்டும் அழைத்தும் அவர் வந்திலர். ஆசிரியர் பல மாதம் வருந்திக் கட்டிய துணிவு ஒரு சிரிப்பில் இடிந்துவிட்டது.

ஆதலின், மாணவச் செல்வங்களே, உங்கள்பால் ஒன்று வேண்டுகின்றோம். யுனெஸ்கோ 1966இற் பிரகடனஞ்செய்து, 1967 முதல் ஆண்டுதோறும் செப்டெம்பர் 8ஆம் நாள் எழுத்தறிவு நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அன்று கட்டுரை எழுதிப் பரிசு பெறுவதோடு நின்றுவிடாதீர். கற்ற எழுத்து வாசிப்பின்றேல் விரைவில் மறந்துபோம். இந்த ஞாயிற்றுப் பத்திரிகையை மடித்து வைக்குமுன், உங்கள் இல்லத்தில் எழுத்தறியாத அப்புவோ ஆச்சியோ இருப்பின், தலைப்பொன்றை அவர் அருகிருந்து விரல் வைத்து வாசித்துக் காட்டுக. அடுத்த ஞாயிறு அவரையே வாசிக்கச் செய்க. அவர் தடுமாறுமிடத்துக் காத்திருக்கும் பொறுமையே நீர் அவர்க்குச் செய்யும் பேருதவி.